என் கால் அளவுக்கு அறுத்த கட்டை

எங்கள் வீட்டில் எல்லாமே அண்ணன் பேரில்தான் இருக்கும். கேஸ் சிலிண்டர் அவன் பேரில். டி.வி. ரீசார்ஜ் அவன் நம்பரில். என் போனில் கிடக்கிற சிம்கூட அவன் ஆதாரைக் கொடுத்து வாங்கியதுதான். இத்தனைக்கும் டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்குப் போனவள் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவு. அவன் என்ன செய்யலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். "பொம்பளப் புள்ள பேர எதுக்கு அங்கங்க எழுதி வெச்சிக்கினு? நாளைக்கு இன்னொருத்தன் ஊட்டுக்குப் போறவ" என்பாள் அம்மா. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான், அதனால் எனக்கு அப்போது கோபம்கூட வந்ததில்லை. இப்போது வருகிறது. வட்டியும் முதலுமாக வருகிறது.

கம்ப்யூட்டரும் அவன் பேரில் வந்ததுதான். அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்றான். நைனா, அதாவது எங்கள் அப்பா, இரும்பு உருட்டாலையில் அனல் முன்னால் நின்று சம்பாதிக்கிறவர், அவர் எப்படியோ புரட்டி வாங்கிக் கொடுத்தார். அண்ணன் கவரைப்பேட்டையிலிருந்து லோக்கல் டிரெயின் பிடித்துச் சில மாதம் சென்னைக்குப் போய் வந்தான். அப்புறம் டிரெயின் கூட்டமாக இருக்கிறது என்றான். அப்புறம் சொல்லித்தருகிறவர் சரியில்லை என்றான். அப்புறம் ஒன்றும் சொல்லாமலே நின்றுவிட்டான். கம்ப்யூட்டர் மேல் அம்மா தன் பழைய புடவையைப் போர்த்திவிட்டாள்.

அந்தப் புடவையை எடுத்தவள் நான். அதில் அவன் ஏற்றி வைத்திருந்த கார் ரேஸ் விளையாட்டு ஒன்று இருந்தது. விளையாட்டு என்று சொன்னால் குழந்தைகள் விரலால் தட்டுகிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நிஜத்தில் இருக்கிற பந்தயத் தடங்களை அங்குலம் அங்குலமாக அளந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். டயர் சூடானால் பிடிப்பு மாறும், பிரேக்கை ஒரு நொடி முன்னால் விட்டால் கார் சுற்றிக்கொள்ளும். நான் வேலையில் பார்ப்பது பிரேக் டிரம். நாள் முழுக்க கேஜ் போட்டு அளந்து, தேறாததில் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறேன். இத்தனை ஆயிரம் வண்டிகளை நிறுத்துகிற சாமானைத் தொட்டுப் பார்க்கிறவள், ஒரு பிரேக்கைக் காலால் மிதித்ததில்லை. எல்.எல்.ஆர். போடட்டுமா என்று நைனாவிடம் கேட்டபோது, "கல்யாணம் ஆயி உன் புருசன் ஊட்ல போயி கத்துக்க" என்றார். யாரோ ஒருவன், எங்கேயோ இருக்கிறவன், இன்னும் யாரென்றே தெரியாதவன், அவன் சம்மதம் கொடுத்த பிறகு நான் கிளட்சை மிதிக்கலாமாம்.

எங்கள் கம்பெனியின் பராமரிப்புப் பிரிவில் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதற்குள் விளையாட்டுச் சாமான்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று, கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டுகிற தன் ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் விற்றார். தீபாவளி போனஸில் நான் வாங்கினேன்.

வாங்கி வந்து மேஜையில் மாட்டியதும்தான் தெரிந்தது, சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது என்று. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னால் போகிறது, பெடல் முன்னால் போகிறது, நடுவில் நான் தரையில் இருக்கிறேன். பெடல் நகராமல் இருக்க அம்மிக்கல்லை உருட்டி வந்து முட்டுக்கொடுத்தேன். "மொளகா அரைக்கற கல்லாண்ட கால கொண்டாந்து வெக்கிறியே, வெளங்குமாடி?" என்று அம்மா கத்திக்கொண்டே அதை எடுத்துப் போனாள். ஸ்டீயரிங், பெடல், சீட் மூன்றும் ஒரே சட்டத்தில் இறுக்கமாக நிற்க வேண்டும், அப்போதுதான் ஓட்ட முடியும். அதற்கென்று அலுமினியத்தில் சட்டம் விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். மரத்தில் செய்தவர்கள் வீடியோவும் இருந்தது. வழவழப்பான பலகை, கையில் விதவிதமான மிஷின், பின்னால் பெரிய கொட்டகை. எனக்கு அதெல்லாம் இல்லை. ஆனால் மரம் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்தால் ஒரு வீட்டு அளவு மரப்பெட்டியில் வரும். பெட்டிக்கு அடியில் கனமான பைன் கட்டைகள், பேலட் என்பார்கள். மிஷினை இறக்கியதும் அந்த மரமெல்லாம் கான்ட்ராக்டர் மூலம் வெளியே போய், தச்சூர் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் பேலட் கட்டை விற்கிற கடைகளில் மலையாகக் குவிந்து கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

"இன்னாம்மா, அடுப்புக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல."

"கோழிக் கூண்டா?"

"காரு செய்யணும்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். சிரிக்கட்டும். முறுக்கில்லாத, வெடிப்பில்லாத கட்டையாகத் தேர்ந்தெடுத்து ஷேர் ஆட்டோ மேலே கட்டிக் கொண்டுவந்தேன். நைனா வாசலில் நின்று பார்த்தார். "ஊட்ல பொணங்கிணம் வுழுந்துச்சா? எதுக்குடி இம்மாங் கட்டய கொண்டாந்து எறக்கற?" என்றார். அவர் கேட்பது அப்படித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அன்பும் கோபமும் ஒரே வார்த்தையில்தான் வரும், எது எதுவென்று நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால், அண்ணன் பைக் நிறுத்துகிற ஆஸ்பெஸ்டாஸ் சரிவுக்கு அடியில் வேலையைத் தொடங்கினேன். முதல் வேலை ஆணி பிடுங்குவது. பேலட் ஆணி முறுக்காணி, லேசில் வராது. கம்பியை விட்டு நெம்பினால் மரம் கத்திக்கொண்டுதான் விடும். பைன் மரம் மெத்தென்று இருக்கும், ஆனால் ஓரத்தில் நேரடியாக ஸ்குரூ ஏற்றினால் இரண்டாகப் பிளந்துகொள்ளும். ஒரு நல்ல கட்டையைப் பிளந்துவிட்ட பிறகுதான் முதலில் சின்ன ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று புரிந்தது. சென்ட்ரிங் வேலைக்குப் போகிற எதிர்வீட்டுக்காரரிடம் ரம்பம் வாங்கினேன். டிரில் மிஷின் வாடகைக்கு எடுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, மறுநாள் கேஜ் பிடிக்கும்போது எரிந்தது.

அளவுதான் முக்கியம். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, பிரேக் மிதிப்பதுபோல் காலை நீட்டி, பாதம் முடிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். முழங்கைக்கும் அப்படியே. நான் குள்ளம், கம்பெனி பஸ்ஸில் மேல் கம்பி எனக்கு எட்டாது. நீளமான கட்டை கிடைக்காதது அதனால் எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. என் காலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அறுத்தேன். காயலான் கடையில் ஒரு பழைய வேன் சீட் கிடைத்தது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த அதன் அடியில் இருந்த தண்டவாளம் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு சீட்டை நேராகக் கட்டையிலேயே போல்ட் போட்டு முடுக்கினேன். முன்னும் நகராது, பின்னும் நகராது. நகர்ந்து என்ன ஆக வேண்டும்? ஓட்டப்போவது நான் ஒருத்திதானே.

அண்ணனின் உதவியையும் சொல்லிவிட வேண்டும், விட்டால் பாவம். ஒரு நாள் டீ டம்ளரோடு வந்து நின்று, "அந்த நட்டு லூசா கீது பாரு" என்றான். அதுதான் உதவி.

பிரேக் பெடல்தான் என்னை அழவைத்தது. முழு பலத்தோடு மிதித்தால் அது நிற்கிற பலகை வில்லாக வளைந்தது. பலகை வளைந்தால் எவ்வளவு மிதித்தோம் என்று காலுக்குத் தெரியாது. அடியில் இன்னொரு கட்டையைக் குறுக்கே கொடுத்து, இரண்டு பக்கமும் எல் வடிவ இரும்பு வைத்து, பெரிய வாஷர் போட்டு இறுக்கினேன். அப்புறம் உட்கார்ந்து ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். எதுவும் அசையவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! முதல் சம்பளம் வாங்கியபோதுகூட அப்படி வரவில்லை. சம்பளத்தை வாங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டேன். இதை யார் கையிலும் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் மேஜையையும் அந்தச் சரிவுக்கு அடியிலேயே கொண்டுவந்து போட்ட பிறகு, போட்டி அறிவிப்பு வந்தது. கார் பந்தயம் நடத்துகிற ஒரு கம்பெனி. வீட்டிலிருந்தே அவர்கள் சொல்கிற தடத்தில் ஓட்டி, எடுத்த நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். வேகமாக ஓட்டுகிற சிலரைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க நிஜமான பந்தயக் காரில், நிஜமான தடத்தில் ஓட்டவிடுவார்கள். லைசென்ஸ் தேவையில்லை, சொல்லித்தருவது அவர்கள் பொறுப்பு. அதைப் படித்த அன்றைக்குக் கம்பெனியில் எத்தனை டிரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு அந்த ஒரு நாள் வேண்டும். கப்பு வேண்டாம், போட்டோ வேண்டாம். என் கால் மிதித்து ஒரு நிஜக் கார் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டின் கணக்கு அண்ணன் பேரில், அவன் மெயிலில், அவன் நம்பரில் இருந்தது. பேரை மாற்றினால் விளையாட்டைப் புதிதாக வாங்க வேண்டும் என்றான். "என் பேர்லயே கெடக்கட்டும். டைம்தான முக்கியம்? கூப்ட்டா தங்கச்சிதான் ஓட்டனான்னு சொல்லிடப் போறேன்" என்றான்.

"கண்டிப்பா சொல்லணும்."

"சொல்றேன் சொல்றேன். இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?"

முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வருவேன். முகம் கழுவி, பாத்திரம் கழுவி, துணி மடித்து வைத்துவிட்டுத்தான் உட்கார முடியும். உட்கார்ந்தால் நல்ல சுற்று ஒன்று வருகிற நேரம் பார்த்து அம்மா மிக்ஸி போடுவாள், மெயின் டிரிப் ஆகும். வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பது என் விஷயத்தில் பழமொழியே இல்லை, தினசரி நடப்பு. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டுவேன். எந்த வளைவில் எந்த மஞ்சள் கோட்டைப் பார்த்து பிரேக் மிதிக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகக் காலை எடுக்க வேண்டும் என்று கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காலை அசைத்துப் பார்த்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருக்கிறவள் கால் வலியா என்று கேட்பாள்.

தேர்வானேன். அந்தச் செய்தி அண்ணன் போனுக்கு வந்தது, நான் ஷிப்டில் இருந்தபோது.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் செருப்புக் கூட்டம். உள்ளே எதிர்வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, சித்தப்பா. நைனா ஆலையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு லட்டு வாங்கி வந்திருந்தார். நைனாவுக்கு ரேஸ் என்றால் பைத்தியம். விடலைப் பருவத்தில் சோழவரம் ரேஸுக்கு டிக்கெட் இல்லாமல் வேலி தாண்டிக் குதித்து, தொடையைக் கிழித்துக்கொண்ட கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "நான் டிராக் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னேன். எம் புள்ள அந்தப் பக்கம் காரு ஓட்டப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் உடைந்தது. அண்ணன் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"நைனா, ஓட்டனது நான்" என்றேன்.

"சரிம்மா, சரிம்மா. ஆளுங்க வந்து கீறாங்க இல்ல, அப்பறம் பேசலாம்."

அம்மா லட்டுத் தட்டை என் கையில் திணித்து, "எல்லாருக்கும் குடு" என்றாள். நானும் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. என் லட்டை நானே தட்டில் வைத்து, "எடுத்துக்கோங்க சித்தப்பா" என்று நீட்டினேன். சித்தப்பா எடுத்துக்கொண்டு, "உங்கண்ணன் குடும்பப் பேரக் காப்பாத்திட்டான், நீயும் எதுனா சாதிம்மா" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அண்ணனைப் பின்பக்கம் இழுத்துப் போனேன். "ஏன்டா சொல்லல?"

"நைனா லட்டோட வந்து நிக்கிறாரு. அந்த மூஞ்சப் பாத்துட்டு எப்டி சொல்றது?" என்றான். "அத்த உடு. நீதான்னு சொன்னா மட்டும் உன்ன அனுப்பிடுவாங்களா? ரெண்டு பேருமே போவாம இருக்கறதுக்கு, ஒருத்தனாவது போலாம்ல. நான் போயிட்டு வந்து எப்டி இருந்துச்சின்னு உனக்கு எல்லாத்தயும் சொல்றேன்."

நோகாமல் நுங்கு தின்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தின்றுவிட்டு வந்து அதன் ருசியைக் கதையாகச் சொல்கிறேன் என்பவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் வாதாடினேன். நைனாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, பேரைப் பார்த்து ஏமாந்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். எடுத்துச் சொன்னால் புரியும் என்று பொறுமையாகச் சொன்னேன். நான் ஓட்டிய நேரத்தில் அண்ணன் பொன்னேரியில் கூட்டாளிகளோடு இருந்ததைச் சொன்னேன். நாஷ்டா சாப்பிடும்போது சொன்னேன், சட்டை இஸ்திரி போட்டுக் கொடுக்கும்போது சொன்னேன். அவர், "லைசென்ஸ் அவன்கிட்ட கீது. உன்னான்ட இன்னா கீது?" என்பார். அம்மா, "பொண்ணு ரேஸ் ஓட்றான்னா எவன் வந்து கேப்பான்?" என்பாள். இருக்கட்டும், அவர்கள் கண் முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். வேலையில் எனக்குப் பழக்கம் அப்படி. அளந்து காட்டினால் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்வார்.

அதற்கு வழி அந்தக் கம்பெனியிலிருந்தே வந்தது. தேர்வானவர்களை நேரில் கூப்பிடுவதற்கு முன்னால் வீடியோவில் பார்ப்பார்களாம். எதில் உட்கார்ந்து ஓட்டினார்களோ அதிலேயே உட்கார்ந்து சில சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணன் என் சட்டத்தில் ஏறிப் பார்த்தான். ஏறவே முடியவில்லை. அவன் நைனா மாதிரி உயரம். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங் பலகையில் முட்டின. "சீட்ட பின்னால தள்ளு" என்றார் நைனா. தள்ள முடியாது என்றேன். நைனா ஸ்பானரை எடுத்துவந்து போல்ட்டைக் கழற்றி, பின்னால் வேறு ஓட்டை போடலாம் என்று குனிந்து பார்த்தார். ஓட்டை போட அங்கே மரமே இல்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு சாணோடு கட்டை முடிந்துவிட்டது. "இம்மாத்தூண்டு கட்டயிலயா செய்வ?" என்று என்னைத் திட்டினார். என் காலுக்குச் செய்தது நைனா என்றேன். அவர் காதில் விழாததுபோல் போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தார்.

கடைசியில் அண்ணன் முழங்காலை அகட்டி, கூன் போட்டு, எப்படியோ நுழைந்தான். மேஜையில் போனைச் சாய்த்து வைத்தார்கள். என்னை உள்ளே போய் டீ போடச் சொன்னாள் அம்மா. நான் சமையலறைப் பின்வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை.

போனில் வந்தவர் மரியாதையான ஆள். வணக்கம் சொல்லி, வீட்டிலேயே செய்த சட்டமா, அருமை என்றார். அண்ணன் தலையாட்டினான். ஓட்டச் சொன்னார். முதல் வளைவிலேயே கார் தடத்தை விட்டு இறங்கிச் சரளையில் சிக்கியது. நெட் ஸ்லோ என்றான். மறுபடியும் ஓட்டினான். பிரேக் மிதிக்கும்போது முழங்கால் ஸ்டீயரிங்கைத் தட்டிவிட, கார் தானாகத் திரும்பிச் சுவரில் மோதியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாரக்கணக்கில் மஞ்சள் கோட்டைப் பார்த்துப் பார்த்து எடுத்த வளைவு அது.

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார் அவர். "இந்த பொசிஷன்ல உக்காந்து நீங்க அந்த டைம் எடுத்திருக்கவே முடியாது. இதுல வேற யாராவது ஓட்றாங்களா?"

அண்ணன் நைனாவைப் பார்த்தான். நைனா தரையைப் பார்த்தார்.

நான் போனேன். "எழுந்திரு" என்றேன். அண்ணன் சட்டென்று எழுந்தான், அதற்காகவே காத்திருந்ததுபோல. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். "அது சும்மா வெளாடும் சார்" என்று நைனா போனைப் பார்த்துச் சொல்வது கேட்டது. முதல் சுற்றில் பிரேக்கைத் தேவைக்கு மேல் மிதித்துவிட்டேன். கோபத்தில்தான், பயத்தில் இல்லை. இரண்டாவது சுற்றில் மஞ்சள் கோட்டை மட்டும் பார்த்தேன். வளைவு வந்தது, மிதித்தேன், கட்டை அசையாமல் தாங்கியது, காலை மெதுவாக எடுத்தேன், கார் உள்கோட்டை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது சுற்றில், பதிவு செய்திருந்த நேரத்துக்கு மயிரிழை அளவு பக்கத்தில் வந்துவிட்டேன்.

போனில் இருந்தவர் என் பேரைக் கேட்டார். சொன்னேன். பதிவில் இருக்கிற பேர் இது இல்லையே என்றார். ஆள் மாறினால் அந்தப் பதிவு செல்லாது, விதி அப்படி, இரண்டு பேரையுமே கூப்பிட முடியாது என்றார். "அடுத்த தடவ உங்க பேர்ல போடுங்க மேடம். ரொம்ப நல்லா ஓட்றீங்க." போனை வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒரு டிரம்மில் நம்பர் மாறியிருந்தால், அளவு சரியாக இருந்தாலும் ஒதுக்கித்தான் வைப்பேன்.

என் ஒரு நாள் போனது. அது உறைப்பதற்குள் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "கூடப் பொறந்தவன் வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி! நல்லா இருப்பியா நீ?"

"ஊரெல்லாம் லட்டு வாங்கிக் குடுத்தனே" என்றார் நைனா. "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் வெளிய போவேன்?"

நான் இன்னும் அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. கண்ணால் பார்த்துவிட்டார்கள் அல்லவா? இனிமேல் மறுக்க முடியாது. "நைனா, ஓட்டனது யாருன்னு இப்பவாவது பாத்தியா?" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அத்த இன்னா பாக்கறது? சாய்ங்காலம் ஆனா பின்னாடி லொடலொடன்னு நீதான ஓட்டிக்கினு கெடப்ப. ஊட்ல யாருக்குத் தெரியாது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்திலும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

தெரியும். லட்டு வாங்கும்போதே தெரியும். தட்டை என் கையில் கொடுக்கும்போதே அம்மாவுக்குத் தெரியும். எம் புள்ள காரு ஓட்டப் போறான் என்று குரல் உடைந்து சொன்னபோது நைனாவுக்கு அது யார் ஓட்டிய கார் என்று நன்றாகத் தெரியும். ஒரு வாரம் முழுக்க நான் தெரியாதவர்களுக்குப் புரியவைப்பதாக நினைத்து, எல்லாம் தெரிந்தவர்களிடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு ஓட்டிக் காட்டலாம். தெரிந்துகொண்டே எடுத்து இன்னொருவன் கையில் கொடுக்கிறவர்களுக்கு எதைக் காட்டுவது? அன்றைக்கு வரை எனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை. அந்த நிமிஷம் வந்ததுதான் கோபம். அது சத்தமே போடவில்லை.

எழுந்து, கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற ஒருத்திக்குப் போன் செய்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் அவளும் இன்னொருத்தியும் எடுத்திருக்கிற வீட்டில் மூன்றாவதாக வரச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நைனா கீழே வைத்த ஸ்பானரை எடுத்துப் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். சாயங்காலம் குட்டியானை வண்டி வந்தது. கட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். நைனா வெளியே எங்கேயோ போய்விட்டார். அண்ணன் சீட்டை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனான், நான் திரும்பிக்கொண்டேன்.

அம்மா வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். இப்போது அழுதுகொண்டிருந்தாள். "வயசுப் பொண்ணு இப்டி கட்டயத் தூக்கினு ஊட்ட உட்டுப் போனா, நாளைக்கு ஊர்ல கேக்க மாட்டாங்களாடி? நான் இன்னான்னு சொல்றது?"

"உனக்குத் தெரியும் இல்ல, அதச் சொல்லு" என்றேன்.